பாதி விலைக்கு போன்... எதைக் குறைத்திருக்கிறார்கள்?

"புது போன் வாங்கணும்" என்ற பேச்சு ஒரு வீட்டில் ஆரம்பித்துவிட்டால், அது முடிய மூன்று வாரமாவது ஆகும். முதல் வாரம் எந்த கம்பெனி என்று பேசுவார்கள். இரண்டாவது வாரம் பட்ஜெட். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர், "இதே போன் அங்க கம்மியா கிடைக்குதாமே" என்பார்.

அந்த 'அங்க' மட்டும் காலத்துக்குத் தகுந்தபடி இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது சென்னை பர்மா பஜார். அப்புறம் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவுக்கு வரும் மச்சான். கொஞ்ச நாள் சீன ஆன்லைன் கடைகள். இப்போது, ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் விளம்பரம். பாதி விலை, இலவச டெலிவரி, இன்னும் சில மணி நேரம்தான் என்று ஓடும் கடிகாரம்.

நல்ல போன் வேண்டும் என்று ஆசைப்படுவதை நான் ஒருபோதும் பேராசை என்று சொல்ல மாட்டேன். படிப்பு, வேலை, பேங்க், ரேஷன் கார்டு விவரம், ரயில் டிக்கெட், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் முகம் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அந்த ஆசையை வைத்து யார் என்ன விற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது போன் கடைக்காரரோ டெக் நிபுணரோ இல்லை. திருமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் என் மாமா.

'டிஜிட்டல்'ல தானே இருக்க?

நான் வேலை பார்ப்பது வார இதழின் டிஜிட்டல் டெஸ்க்கில். செய்தி எழுதுவது, தலைப்பு வைப்பது, படம் ஏற்றுவதுதான் வேலை. ஆனால், எங்கள் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை 'டிஜிட்டல்' என்றால் கரன்ட்டில் ஓடும் எல்லாமே என் துறைதான். வாட்ஸ்அப் வேறு போனுக்கு மாற வேண்டுமா, பி.எஃப் பணம் வரவில்லையா, சித்தியின் போனில் எழுத்து சின்னதாகிவிட்டதா... எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் வரும்.

அப்படித்தான் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிட்டார். "பாப்பா, கடைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒண்ணு காமிக்கணும்."

மாமாவின் கடை ஒரு சின்ன ஷட்டர் போட்ட அறை. கள்ளிக்குடி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கமிருந்தெல்லாம் எரிந்துபோன கிணற்று மோட்டார்களை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கருகிய காயிலை உருவிப் போட்டுவிட்டு, புது கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார். அந்த வார்னிஷ் வாசனை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பழக்கம்.

மாமா மகள் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதி ஆண்டு. குறும்படம் எடுத்து மதிப்பெண் வாங்க வேண்டும். கல்லூரி கேமரா எல்லோருக்கும் முறை வைத்துத்தான் கிடைக்கும். நல்ல கேமரா உள்ள போன் இருந்தால் தானே எடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறாள். மாமா சீட்டு எடுத்து 30,000 ரூபாய் வைத்திருந்தார். அவர் என்னிடம் நீட்டிய திரையில் ஒரு பெரிய கம்பெனியின் பெரிய மாடல் இருந்தது. நம் ஊர் கடையில் 70,000 ரூபாய்க்கு விற்பது. வெளிநாட்டு விற்பனையாளர், விலை 329 டாலர். கிட்டத்தட்ட 28,000 ரூபாய்.

"வாங்கிக் குடுன்னு சொல்லலத்தா. எனக்கு இதுல ஒண்ணு புரியல. அதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"நம்ம கடைக்கு எதுத்தாப்புல, மோட்டார் காயிலை பாதி ரேட்டுக்குக் கட்டித் தர்றேன்னு ஒருத்தன் போர்டு மாட்டுனா, எனக்குப் பொறாமை வராது. எதைக் குறைச்சிருக்கான்னுதான் யோசிப்பேன். செப்புக் கம்பிக்குப் பதிலா அலுமினியக் கம்பி சுத்தியிருப்பான். மேல வார்னிஷ் அடிச்சா வெளிய வித்தியாசம் தெரியாது. சித்திரை வெயில்ல தொடர்ந்து ஓட்டும்போதுதான் தெரியும். இந்த போன்ல எதைக் குறைச்சிருக்கான்? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லு."

பில் புக்கின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு

அவருடைய பில் புக்கைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம்.

முதலில், ஒரு போன் வெளிநாட்டில் நியாயமாக எவ்வளவு குறைவாகக் கிடைக்கும்? இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு போனையே எடுத்துக்கொண்டேன். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது இந்திய விலை 79,900 ரூபாய். அமெரிக்காவில் 799 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 67,000 ரூபாய். "பார்த்தியா, கிட்டத்தட்ட 13,000 ரூபா கம்மி. இத்தனைக்கும் அந்த போன் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கமே தயாராகுது" என்று அப்போது பலரும் பேசினார்கள்.

ஆனால், நம் ஊர் விலையில் 18% ஜிஎஸ்டி உள்ளேயே சேர்ந்திருக்கிறது. 79,900 ரூபாயில் அந்த வரியைக் கழித்துவிட்டால் மிச்சம் சுமார் 67,700. அமெரிக்க விலையில் அந்த ஊர் விற்பனை வரி சேராது. பில் போடும்போதுதான் மாநிலத்துக்கு மாநிலம் தனியாகச் சேர்ப்பார்கள். ஆக, இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய முழுவதும் வரிதான்.

மாமா அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப கம்பெனிக்காரனே அம்புட்டுதான் குறைக்க முடியுதுன்னா, இவன் எப்படி பாதிக்குக் குடுக்குறான்?"

சரி, அந்தக் கடை நிஜமான கடை என்றே வைத்துக்கொள்வோம் என்று மேலும் எழுதினோம். கார்டில் டாலர் கட்டினால் பல வங்கிகள் 3.5% வரை தனியாகப் பிடிக்கும். 28,000-க்கு அது 980 ரூபாய். போன் இந்தியாவுக்குள் வரும்போது சுங்க வரி உண்டு. மொத்தமாக இறக்குமதி செய்யும் கம்பெனிகளுக்கு மொபைல் மீதான அடிப்படை சுங்க வரி 2018-லிருந்து 20% ஆக இருந்து, 2024 ஜூலை பட்ஜெட்டில் 15% ஆனது. நம்மைப் போல தனி ஆள் ஒரே ஒரு போன் வரவழைத்தால் அதற்கு வேறு தலைப்பில், வேறு விகிதத்தில் வரி. அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. அந்த ஜிஎஸ்டியை மட்டும் போட்டாலே 5,040 ரூபாய். பார்சல் செலவும் சேர்த்துத்தான் பொருளின் மதிப்பையே கணக்கிடுவார்கள்.

"கிஃப்ட்னு எழுதி அனுப்புறோம், டியூட்டி வராது" என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வழி 2019 டிசம்பரிலேயே அடைபட்டுவிட்டது. ஆன்லைனில் வாங்கி அன்பளிப்பு என்ற பெயரில் வரவழைப்பதில், ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. போனுக்குக் கிடையாது.

அடுத்தது, பெயர் ஒன்றாக இருந்தாலும் போன் ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ம் வரிசையிலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஜப்பானில் விற்கும் பல போன்களில் கேமரா 'க்ளிக்' சத்தத்தை அணைக்க முடியாது. குறும்படம் எடுக்கிற பெண்ணுக்கு நல்ல தொந்தரவு! சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கூகுள் சேவைகள் முழுமையாக இருக்காது. சில போன்கள் அந்த ஊர் நெட்வொர்க் கம்பெனிக்கே பூட்டப்பட்டிருக்கும், நம் சிம் போட்டால் எடுக்காது. வாரன்டியும் பல கம்பெனிகளில் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும்.

கடைசியாக, அந்தப் பக்கத்தில் முகவரியைத் தேடினோம். ஒரு மெயில் ஐடி இருந்தது. ஊர் இல்லை, தெரு இல்லை, போன் நம்பர் இல்லை. பணம் கட்டும் இடத்தில் மட்டும், டாலரில் விலை போட்டிருந்த அந்த வெளிநாட்டுக் கடை, யுபிஐ கியூஆர் கோடு காட்டியது. அதை ஸ்கேன் செய்தால் கடை பெயர் வரவில்லை. ஒரு தனி மனிதரின் பெயர் வந்தது.

"ஆளையே குறைச்சுட்டான்டா" என்றார் மாமா.

"அக்கா, அந்த கஸ்டம்ஸ் காசு யாருக்குக் கட்டணும்?"

கடையின் உள்பக்கம் காயில் உருவிக்கொண்டிருந்த தம்பி அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேரையூர் பக்கத்துப் பையன், 21 வயது. மாமாவிடம் இரண்டு வருடமாக வேலை பழகுகிறான். நான் சுங்க வரி பற்றிச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், கையில் சுத்தியலோடு எழுந்து வந்தான்.

"அக்கா... அந்த கஸ்டம்ஸ் காசை யாருக்குக் கட்டணும்? போன்ல கேக்குறவங்களுக்கா?"

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒன்பது நாளைக்கு முன்பு, இதே மாதிரி இன்னொரு விளம்பரத்தைப் பார்த்து, முன்பணம் என்று 4,999 ரூபாய் கட்டியிருக்கிறான். முந்தின நாள் ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 7,350 ரூபாய் கட்டினால் விடுவிப்போம், இல்லாவிட்டால் உங்கள் மீது கேஸ் வரும்" என்று இந்தி கலந்த தமிழில் ஒருவர் பேசியிருக்கிறார். மாமாவிடம் 7,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கலாம் என்று காலையிலிருந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சுங்கத் துறை யாருடைய தனிப்பட்ட யுபிஐ-க்கும் பணம் கேட்காது. உண்மையிலேயே வரி வந்தால், தபால்காரரோ கூரியர் கம்பெனியோ ரசீதோடு வசூலிப்பார்கள். சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஓர் எண் இருக்கும். அது உண்மையா என்று அந்தத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. 7,350 ரூபாய் தப்பித்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. 4,999 ரூபாய் போய்விட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறுதியானது.

அங்கேயே உட்கார்ந்து 1930-க்கு அழைத்தோம். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். புகார் பதிவானது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தகவல் போனால், அந்தக் கணக்கில் இருப்பதை வங்கியால் நிறுத்தி வைக்க முடியும். அதனால்தான் முதல் சில மணி நேரம் முக்கியம் என்கிறார்கள். ஒன்பது நாளில் அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. பணம் திரும்ப வரவில்லை.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்று மாமா கேட்டார்.

"சிரிப்பாங்கண்ணே. 'ஓசிக்கு ஆசைப்பட்டான், நல்லா வேணும்'னு சொல்வாங்க."

அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. மாமா அவனுக்கு டீ சொன்னார்.

வெளிநாட்டில் வாங்கினாலே ஏமாற்றா?

இல்லை. என் டிப்ளமோ வகுப்புத் தோழன் ஒருவன், 2019-ல் சீனாவிலிருந்து ஒரு போன் வரவழைத்தான். ஒழுங்காகப் பணம் கட்டினான், வரியும் கட்டினான், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தான். சொன்ன போனே வந்தது. ஒன்றரை வருடம் அருமையாக ஓடியது. வைகை ஆற்றுப் பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்து டிஸ்ப்ளே உடைந்த பிறகுதான் பிரச்னை.

மீனாட்சி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லோரும் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இதுக்கு காம்போ வராது தம்பி. இந்த மாடல் இங்க விக்கவே இல்லையே." டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகத்தைத்தான் காம்போ என்பார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "அங்கயே ஆர்டர் போட்டு வரவைங்க, நான் மாட்டித் தர்றேன்" என்றார். ஆனால், அதற்குள் 'அங்க' என்பதே இல்லாமல் போயிருந்தது. 2020 ஜூனில் 59 சீன செயலிகளைத் தடை செய்த மத்திய அரசு, நவம்பரில் தடை செய்த 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸும் இருந்தது. தள்ளுபடி போன்களுக்குப் பெயர்பெற்ற கியர்பெஸ்ட் என்ற இன்னொரு சீனத் தளம் 2021-ல் மூடப்பட்டது. தோழனை யாரும் ஏமாற்றவில்லை. அவன் வாங்கிய விலையில் உதிரி பாகம் குறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இது புதுக் கதையும் இல்லை. 'சைனா செட்' காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு சிம், டார்ச், தெருவே கேட்கும் ஸ்பீக்கர், ஆன்டெனா இழுத்தால் டி.வி. எங்கள் பெரியப்பா அதில் பாட்டுப் போட்டால் அடுத்த தெரு வரை கேட்கும். அந்த விலையிலும் ஒன்று குறைந்திருந்தது. ஒவ்வொரு போனுக்கும் அடையாளமாக இருக்க வேண்டிய 15 இலக்க ஐஎம்இஐ எண் பல செட்களில் இல்லை, அல்லது வெறும் பூஜ்யங்களாக இருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, 2009 நவம்பர் 30-க்குப் பிறகு அப்படிப்பட்ட போன்களின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது அரசு. நல்லா பாடிக்கொண்டிருந்த பெட்டி ஒரே ராத்திரியில் வெறும் டார்ச் லைட் ஆனது.

உள்நாட்டு விளம்பரம் என்றால் நம்பலாமா என்றால், 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று வந்த 'ஃப்ரீடம் 251' நினைவிருக்கட்டும். முன்பதிவு தொடங்கியதும் கூட்டம் தாங்காமல் இணையதளமே முடங்கியது. அடுத்த வருடம் அந்த கம்பெனியின் இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார்.

மாமா என்ன வாங்கினார்?

அடுத்த வாரம் மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். அதே கம்பெனியில், முந்தைய வருடத்து நடுத்தர மாடல். பெட்டியில் இருந்த ஐஎம்இஐ-யும், *#06# அழுத்தியதும் திரையில் வந்த எண்ணும் ஒன்றுதானா என்று மகள் சரிபார்த்தாள். மாமா பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தார். 26,500 ரூபாய். கேமரா அந்தப் பெரிய மாடல் அளவுக்கு இல்லை. மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு மாதம் கழித்து சார்ஜ் ஏறவில்லை என்று அதே கடைக்குப் போனார்கள். வாரன்டியில் சரிசெய்து கொடுத்தார்கள். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய், நின்று கேட்க ஒரு படி இருந்தது.

வெளிநாட்டுக் கடையிடமும் கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது. 2020-ன் மின்வணிக விதிகள், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால், நோட்டீஸை எந்த முகவரிக்கு அனுப்புவது? மெயில் ஐடி மட்டும் உள்ள கடைக்கு எந்தத் தபால்காரர் போவார்?

எனவே, பாதி விலை விளம்பரம் கண்ணில் பட்டால் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்:

• தெருவோடு கூடிய முகவரி இருக்கிறதா? திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் எந்த ஊருக்கு, யார் செலவில்?

• விலையில் இந்திய வரிகள் சேர்ந்திருக்கின்றனவா? 'டியூட்டி வாங்குபவர் பொறுப்பு' என்று எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா?

• எந்த நாட்டுக்கான மாடல்? நம் நெட்வொர்க்கில் வேலை செய்யுமா? அந்த மாடலுக்கு நம் ஊரில் காம்போவும் பேட்டரியும் கிடைக்குமா? மீனாட்சி பஜாரிலோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

• பணம் யார் பெயருக்குப் போகிறது? தனி மனிதர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

• பழைய போன் வாங்கினால், கேஒய்எம் என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம்.

• பணம் போய்விட்டதென்றால் உடனே 1930. பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னும் ஒன்று, இது வாங்குகிறவர்களுக்கு இல்லை, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. வீட்டில் ஒரு பிள்ளையோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ, பக்கத்து வீட்டு அக்காவோ, "இந்த மாதிரி பணம் கட்டிட்டேன்" என்று வந்து நின்றால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். "உனக்கு அறிவில்லையா" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தம்பி 4,999 ரூபாயை இழந்தது ஒரு நிமிடத்தில். அதை மீட்கக் கூடிய நேரத்தை இழந்தது, நாம் என்ன சொல்வோமோ என்று பயந்த ஒன்பது நாளில். பணத்தை எடுத்தவர்கள் முகம் தெரியாதவர்கள். அந்த ஒன்பது நாளை அவனிடமிருந்து எடுத்தது நம்மைப் போன்றவர்களின் கேலிதான்.

முதலில் 1930-க்கு போன் போடுங்கள். திட்டுவதாக இருந்தால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.